செவ்வாய் வெள்ளிகளில் கிளம்பாத கார்

எங்கள் காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் கெட்டுப்போய்விட்டது என்று தெருவே நம்பிய காலம் ஒன்று உண்டு. எங்கள் லுத்தரன் கோயிலின் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் என் வீட்டுக்காரருக்காக ஜெபித்துவிட்டு, கடைசியில் காருக்கும் சேர்த்து ஒரு வரி ஜெபித்தார்கள். கர்த்தருக்கு மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் மாற்றத் தெரியுமா என்று எனக்கு வாய்வரை வந்தது. ஆமென் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அந்த நாட்களில் எனக்கு யார்மேல் கோபம் என்றே தெரியாமல் எல்லார்மேலும் கோபமாக இருந்தது.

திருவையாற்றுக்குக் கிழக்கே, ஆற்றங்கரையை ஒட்டிய தெரு எங்களுடையது. நான் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் சர்க்கார் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த பிறகு, செவ்வாயும் வெள்ளியும் தஞ்சாவூரில் டயாலிசிஸ். காலையில் முதல் ஷிப்ட். நேரத்துக்குப் போகவில்லை என்றால் அந்தப் படுக்கையை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரு தடவை தப்பினால் கால் வீங்கும். அடுத்ததும் தப்பினால் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வேண்டும். அதற்குமேல் தப்பினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கார், ஓய்வு பெற்றபோது அவர் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வெள்ளை நிற டீசல் வண்டி. ரொம்பப் பழசு. அவர் கையில் நடுக்கம் வந்தபிறகு, அந்த வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஸ்டீயரிங் பிடிப்பதைவிட, வண்டி கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்பதைத்தான் அதிகம் சொல்லிக் கொடுத்தார்.

"சாவியத் திருப்பினா என்ன சத்தம் வருதுன்னு கேளு. லைட்டு மங்கிப்போயி டக் டக் டக்குன்னு அடிச்சா பேட்டரி. டொக்குன்னு ஒரே ஒரு சத்தம் கேட்டு நின்னுட்டா, மோட்டாருக்குள்ள பிரஷ் தேஞ்சிருக்கும், இல்ல எர்த்து சரியா இருக்காது. விர்ருன்னு மோட்டார் மட்டும் சுத்தி இன்ஜின் சுத்தலைன்னா பல்லு புடிக்கல."

"ஒண்ணுமே கேக்கலைன்னா?"

"லைட்டு பளிச்சுன்னு எரியுது, சத்தமே இல்லன்னா, மோட்டாருக்குக் கரண்டே போகலன்னு அர்த்தம். சுவிட்சப் பாரு, இல்லன்னா மோட்டாருக்குப் போற சின்ன ஒயரப் பாரு. அப்ப மட்டும் பேட்டரி மேல பழியப் போட்றாத."

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது போலத்தான் அவர் எனக்கு இதைச் சொன்னார். திருப்பித் திருப்பிக் கேட்டு ஒப்பிக்கவும் வைத்தார். எனக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் மனதில் தங்கிவிட்டது.

கார் முதன்முதலாக மக்கர் பண்ணியது ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். அவர் பக்கத்து சீட்டில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி திருப்பினேன், இல்லை. லைட் போட்டுப் பார்த்தேன். எதிர்ச் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் இறங்கி பானெட்டைத் தூக்கி, பேட்டரிக்குப் பக்கத்தில் கையை உள்ளே விட்டு வெகுநேரம் எதையோ தடவிக்கொண்டிருந்தார். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பேட்டரிதான். சார்ஜு இல்ல."

லைட்தான் பளிச்சென்று எரிகிறதே என்றேன். "லைட்டுக்குப் போதும், மோட்டாருக்குப் போதாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். திருவையாற்றிலிருந்து ஆட்டோவை வரவழைப்பதற்குள் படுக்கை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். சாயங்காலம் அவரே போய் சாவியைத் திருப்பினார். வண்டி உடனே கிளம்பியது.

எனக்கு அன்றைக்கு வந்த பயம் வண்டியைப் பற்றியது அல்ல. வாழ்நாளெல்லாம் வண்டியோடு கிடந்த மனிதர், தான் சொல்லிக் கொடுத்த பாடத்தைத் தானே தப்பாகச் சொல்கிறாரே, நோய் மூளையையும் தொட்டுவிட்டதோ என்று பயந்தேன். சில நோயாளிகளுக்கு அப்படி ஆகும் என்று ஆஸ்பத்திரியில் கேள்விப்பட்டிருந்தேன். அதனால் அவரிடம் எதிர்த்துப் பேசவில்லை. புதுப் பேட்டரி வாங்கிப் போட்டோம்.

புதுப் பேட்டரியோடும் ஒரு வெள்ளிக்கிழமை நின்றது. அதற்கடுத்து ஒரு செவ்வாய். ஒவ்வொரு தடவையும் நிற்காது. இரண்டு மூன்று தடவை ஒழுங்காகப் போய், நான் மறந்திருக்கும் நேரமாகப் பார்த்து நிற்கும். மெக்கானிக் மத்தியானம் வந்து சாவியைத் தொட்டால் போதும், கிளம்பிவிடும். அந்த மெக்கானிக் திருவையாற்றில் பெரிய பேச்சுக்காரர். தன் கையால் தொடாத வண்டி இந்தத் தாலுகாவில் இல்லை என்பார். முதலில் எர்த் ஒயர் என்றார், மாற்றினார். பிறகு சாவி போடுகிற சுவிட்ச் என்றார், மாற்றினார். கடைசியில் ஸ்டார்ட்டர் மோட்டாரையே கழற்றித் தரையில் வைத்து, காலால் அமுக்கிக்கொண்டு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்தார். அது விர்ரென்று சுற்றி அவர் காலை உதறியது.

"மோட்டாரு ராஜா மாதிரி இருக்கு டீச்சர். எதுக்கும் பிரஷ்ஷ மாத்திடுறேன்."

"நல்லா இருக்கறத எதுக்கு மாத்தணும்?"

"காலம்பற ஆத்து ஈரத்துல ஒட்டிக்கும் டீச்சர். ஞாயித்துக்கெழம நீங்க கோயிலுக்குப் போறது வெயில் வந்தப்புறம். அதான் அன்னிக்குக் கெளம்புது."

அது நியாயமாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளும் நின்றதில்லை. சந்தைக்குப் போகும்போதும் நின்றதில்லை. தெருவில் குத்தகை நிலத்தில் பயிர் வைக்கிற பெண் ஒருத்தி உண்டு. எங்கள் பக்கத்து வீடு. எதையும் பட்டென்று சொல்லிவிடுவாள். "உங்க காரு செவ்வா வெள்ளி வெரதம் இருக்குது டீச்சர்" என்று அவள் சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன். உண்மையை யாரோ கையில் கொடுத்தாலும் சிரித்துவிட்டு நகர்கிற நேரம் ஒன்று மனிதருக்கு இருக்கிறது.

பிரஷ் மாற்றிய பிறகும் நின்றது. அதற்குள் அவருக்குப் பல தடவை டயாலிசிஸ் தவறி, கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. நான் முடிவு செய்தேன். ஸ்டார்ட்டரே வேண்டாம். தள்ளிவிட்டு ஓட்டுவது.

எங்கள் சீமை முழுக்கச் சமதரை. நடவுக்கு நல்லது, வண்டி உருட்ட உதவாது. மேடு என்று ஒன்று இருந்தால் அது ஆற்றங்கரைதான். கரைமேல் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு சிமெண்ட் சரிவு இறங்குகிறது. அதன் உச்சியில் காரைத் தெருவைப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுவேன். காலையில் சாவியைப் போட்டு, கிளட்சை மிதித்து இரண்டாவது கியரில் வைத்தால், பக்கத்து வீட்டுப் பெண் கல்லை எடுப்பாள். வண்டி தானாக உருளும். பாதிச் சரிவில் கிளட்சை விட்டால் ஒரு குலுக்கு குலுக்கி இன்ஜின் பிடித்துக்கொள்ளும். முதல் நாள் அப்படிக் கிளம்பியதும் எனக்கு வந்த பெருமை கொஞ்சமல்ல. அவரைத் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

தஞ்சாவூரில் சரிவு ஏது? திரும்பி வரும்போது வண்டி கிளம்ப வேண்டுமே என்று எனக்குக் கவலை. ஆனால் நான் மருந்து வாங்கிக்கொண்டு வருவதற்குள், அவர் சோர்ந்த முகத்தோடு பானெட்டுக்குப் பக்கத்தில் நின்றிருப்பார். "மோட்டார்ல ஒரு தட்டுத் தட்டினேன், சரியாப்போச்சு" என்பார். ஒட்டிக்கொண்ட பிரஷ் தட்டினால் விடும் என்று மெக்கானிக்கும் சொல்லியிருந்தார். ரத்தமெல்லாம் சுத்தமாகித் திரும்பும்போது மூளையும் தெளிகிறது போலிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

குறுவை அறுவடை வந்தது. கூடவே மழையும் வந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்த்துத்தான் நெல்லை எடுப்பார்கள். ஈர நெல்லைக் குவித்து வைத்தால் முளை விட்டுவிடும். அதனால் வெயில் எட்டிப் பார்த்தால் போதும், ரோடு, பாலம், கோயில் வாசல் என்று கிடைத்த இடத்திலெல்லாம் நெல் காயும். உளுந்துச் செடியோ எள்ளுச் செடியோ என்றால் வண்டி ஏறிப்போனால்தான் எங்கள் ஆட்களுக்குச் சந்தோஷம். காய் உடைந்து கூலி மிச்சமாகும். நெல் அப்படி அல்ல. டயர் ஏறினால் அரிசி நொறுங்கும். ஈரத்தில் மண்ணும் சேரும். இந்த ஊரில் பிறந்த எவரும் காயும் நெல்லின்மேல் வேண்டுமென்றே வண்டியை விடமாட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை விடியும்போது மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. நான் பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கரைக்கு ஏறப்போனேன். சரிவு முழுக்க, மேலே காரின் முன்சக்கரம் வரைக்கும் நெல் பரப்பியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் பலகையால் தள்ளிக்கொண்டிருந்தாள். ராத்திரி நனைந்த நெல். வாடை அடித்தது.

"என்னம்மா இது, இன்னிக்கு வெள்ளிக்கெழமன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணந்தானே டீச்சர் சொன்னாங்க. நேத்து சாயங்காலம் நா நெல்லு நனைஞ்சி போச்சேன்னு அழுதுகிட்டு நின்னேன். காருக்கு முன்னாடி நல்லா வெயில் விழும், அங்க போட்டுக்க, நாளைக்கி வண்டி எடுக்கலன்னாங்க." என் முகத்தில் என்ன கண்டாளோ, "வாரிடறேன் டீச்சர், ஒரு நிமிசம்" என்று கூடையைத் தேடினாள்.

"வாராத. இரு" என்றேன்.

நெல்லைச் சுற்றி ஓரமாக மேலே ஏறினேன். சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. லைட் பளிச்சென்று எரிந்தது. லைட் எரிந்து சத்தமே இல்லை என்றால் சின்ன ஒயரைப் பாரு. ஒப்பித்த பாடம் அப்போதுதான் எனக்குப் பாடமாகவே வந்தது. பானெட்டைத் தூக்கினேன். அவர் கை விடுகிற இடத்தில், பேட்டரிக்குப் பக்கத்தில் என் கையை விட்டேன். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு ஒயர் மோட்டாருக்கு மேலே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு, தூசி. அந்த ஒயரின் தகட்டு முனை மட்டும் பளபளவென்று இருந்தது. கழற்றிக் கழற்றி மாட்டினால்தான் அப்படி இருக்கும். மாட்டினேன். ஒரு அமுக்கு, அவ்வளவுதான். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பேட்டரி, எர்த், சுவிட்ச், பிரஷ், ஈரம் என்று நாங்கள் பழி போடாத இடமில்லை. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் வீட்டில் அவருக்குக் கேட்டிருக்கும்.

நான் போனபோது கட்டிலில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். சட்டை கொடியிலேயே இருந்தது.

"எத்தன நாளா?" என்றேன்.

அவர் மழுப்பவில்லை. "மொதத் தடவ தானாத்தான் கழண்டிருந்துச்சு. கை வச்சதும் தெரிஞ்சிபோச்சு. மாட்டத்தான் போனேன்." மடியில் கிடந்த துண்டை மடித்தார். "மாட்டல. உள்ள வந்து படுத்தேன். அன்னிக்கி முழுக்க வீட்ல இருந்தேன். ஊசி இல்ல, அந்த மிசின் சத்தம் இல்ல. மத்தியானம் நீ ரசம் வச்ச. தூங்கினேன். எனக்கு அது நல்லா இருந்துச்சு."

"வேண்டாம்னா வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ விடுவியா?"

விடமாட்டேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஜெபக்கூட்டம் விடாது, டாக்டர் விடமாட்டார், நான் விடவே மாட்டேன். எங்கள் எல்லாரையும் எதிர்த்து நிற்க அவரிடம் இருந்தது அந்த ஒரு ஒயர்தான். எனக்கு அவர்மேல் ஆத்திரம் பொங்கியது. கால் வீங்கிய ராத்திரிகளில் நான் அவர் முதுகைத் தாங்கி உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாதா? அத்தனையும் தெரிந்து செய்திருக்கிறார். அதே நேரம், ஒரு ரசச் சோற்றுக்கும் ஒரு மத்தியானத் தூக்கத்துக்கும் திருடனாகிப்போன மனிதரைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது.

"இனிமே ஒயர்ல கை வைக்கக் கூடாது. வேண்டாம்னா என்கிட்ட வாயால சொல்லணும். சொன்னா நான் கேப்பேன்" என்றேன்.

"சத்தியமாவா?"

"சத்தியமா."

அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். அவரை எழுப்புவதற்காகத்தான் அந்த நிமிஷத்தில் அப்படிச் சொன்னேன். வாயால் சொல்ல அவருக்கு மனம் வராது என்று நம்பினேன். நெல்லை மிதிக்காமல் பின்பக்கமாகக் கரை ரோட்டில் எடுத்துச் சுற்றிக்கொண்டு போனோம். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் வரும்வரை அழுதேன். அவர் தன் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. ஆனாலும் அதைக் கரைமேட்டில்தான் நிறுத்தினேன். நம்பிக்கை ஒரு தடவை போனால் போனதுதான். அவரும் செவ்வாய் தவறாமல், வெள்ளி தவறாமல் வந்தார். வேண்டாம் என்று வாயால் சொல்லவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் கையிலிருக்கும் பையைக் கீழே வைத்துவிடுவேன். "செருப்பு எங்க" என்றோ "மாத்திரையைப் பையில வச்சியா" என்றோ கேட்பார். பையை மறுபடி எடுத்துக்கொள்வேன். மார்கழியில் இதயமும் பலவீனமாகிவிட்டது என்றார்கள். மிஷினில் படுத்திருக்கும்போதே இரண்டு தடவை மயங்கிவிட்டார். திரும்பி வரும்போது காரில் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்தால் மறுநாள் முழுக்கப் படுக்கை. அது தெளிவதற்குள் அடுத்த டயாலிசிஸ் நாள் வந்துவிடும்.

தை முடிகிற சமயம், சம்பா அறுவடை. செவ்வாய்க்கிழமை. நான் பையை எடுத்து வைத்துவிட்டு அவர் சட்டையைக் கொண்டுபோனேன். அவர் அதை வாங்கவில்லை.

"இன்னிக்கி வேணாம்மா" என்றார்.

சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். "இன்னிக்கி மட்டுமா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையசைத்தார். "ரசம் வை" என்றார்.

எத்தனையோ சொல்லலாம் என்று தோன்றியது. கெஞ்சலாம், திட்டலாம், சத்தியத்தை மீறலாம். சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கரைக்கு ஏறினேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே கிளம்பியது. கிளம்பாமல் நிற்கக் கூடாதா என்று அன்றைக்குத்தான் நான் ஆசைப்பட்டேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தேன்.

கீழே பக்கத்து வீட்டுப் பெண் நெல்லுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். குறுவையில் நடந்ததற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் கிளம்பிப் போகும்வரை அவள் சரிவில் ஒரு மணி நெல்கூடக் கொட்டுவதில்லை.

"அண்ணன் வரலயா டீச்சர்? நீங்க போங்க, போனப்பறம் போட்டுக்கறேன்."

"போட்டுக்கம்மா" என்றேன். "இன்னிக்கி வண்டி எடுக்கல."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூடையை இறக்கவில்லை. நான் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.